செங்கல் சுமந்தவர்கள் காத்த நகரம்

தொழிற்சங்கம் என்னும் ஸ்தாபனம் உலகத்தில் தோன்றிய நாள் முதல், கூலியைப் பற்றியும், வேலை நேரத்தைப் பற்றியும், உழைக்கும் இடத்தில் உயிருக்கும் உடலுக்கும் இருக்க வேண்டிய பாதுகாப்பைப் பற்றியும் அது எழுப்பிய கேள்விகளுக்கு அளவில்லை. ஆனால், தாங்கள் எதைக் கட்டுகிறோம், யாருக்காகக் கட்டுகிறோம், அதைக் கட்டுவதனால் ஊராருக்கு விளைவது நன்மையா தீமையா என்று, தங்கள் அன்றாடச் சோற்றையே பணயமாக வைத்துக் கேட்ட தொழிலாளர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருள் முதலிடம் பெறத் தக்கவர்கள், 1971 முதல் 1975 வரையில் ஆஸ்திரேலியாவின் சிட்னி மாநகரத்தில், அரசாங்கமும் பெருமுதலாளிகளும் ஒன்று சேர்ந்து வகுத்த நிர்மாணத் திட்டங்களில் நாற்பதுக்கு மேற்பட்டவற்றைக் கைகட்டி நின்றே தடுத்து நிறுத்திய கட்டடக் கூலியாட்கள். அவர்களுடைய சங்கத்தின் பெயர் பில்டர்ஸ் லேபரர்ஸ் ஃபெடரேஷன். அதன் நியூ சவுத் வேல்ஸ் மாகாணக் கிளைதான் இந்த வரலாற்றின் நாயகன். அவர்கள் விதித்த தடைகளுக்குப் ‘பசுமைத் தடை’ என்று பெயர் வழங்கலாயிற்று.

சிட்னி நகரத்தில் 150 அடிக்கு மேல் எந்தக் கட்டடமும் எழும்பலாகாது என்றிருந்த பழைய சட்டம் 1957ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. துறைமுகத்தின் முகப்பில் 1962இல் ஏ.எம்.பி. கட்டடம் நிமிர்ந்து நின்றது; 1967இல் ஆஸ்திரேலியா ஸ்குவேர் அதையும் குள்ளமாக்கி மேலே எழுந்தது; அதன் பிறகு, உள்நாட்டுப் பணமும் வெளிநாட்டுப் பணமும் அலுவலகக் கோபுரங்களைத் தேடிப் பாய்ந்த வேகத்தில், நூறு ஆண்டு கண்ட கல் வீடுகளும், நாடகக் கொட்டகைகளும், தேவாலயங்களும், கப்பல் துறைக் கூலிகள் பரம்பரை பரம்பரையாக வாடகைக்குக் குடியிருந்த தெருக்களும் இரவோடு இரவாக மண்ணோடு மண்ணாயின. முதல் மந்திரி ஆஸ்கினுடைய மாகாண சர்க்கார் இதை முன்னேற்றம் என்று கருதியது. பழைய கட்டடங்களைக் காக்கவேண்டும் என்று பேசிய நேஷனல் டிரஸ்ட் போன்ற சபைகள் பட்டியல் தயாரிக்கலாம், வேண்டுகோள் விடுக்கலாம். இடிப்பவன் கையைப் பிடிக்கும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. ஒரு தெருவில் வாழ்பவர்களுக்குத் தங்கள் தெருவின் விதியைப் பற்றி அபிப்பிராயம் சொல்லவும் சட்டத்தில் இடமில்லாதிருந்த காலம் அது.

இந்தக் கோபுரங்களை எழுப்பிய கைகள் யாருடையவை என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், பின்னால் அந்தக் கைகளுக்கு வந்த பலம் எங்கிருந்து வந்தது என்பது விளங்காது. தச்சர், குழாய்க்காரர், மின்சாரத் தொழிலாளி ஆகியோர் பயிற்சியும் சான்றிதழும் பெற்ற தொழில் வினைஞர்கள். அவர்களுக்குக் கீழே, மண் தோண்டுபவன், கான்கிரீட் கொட்டுபவன், கம்பி கட்டுபவன், சாரம் கட்டுபவன், பழைய சுவரை இடித்துத் தள்ளுபவன், கிரேன் தூக்கும் பாரத்தின் மேலேயே தொற்றிக்கொண்டு தெருவுக்கு மேலே ஆகாயத்தில் தொங்கிச் செல்லும் ‘டாக்மன்’ என்று பலவகைப்பட்ட கூலியாட்கள். நம் ஊர்ச் சித்தாளைப் போல, கட்டடத்தின் முதல் நாளும் கடைசி நாளும் அவர்களுடையவை. பழையதை இடிக்காமல் புதியதற்கு அஸ்திவாரம் தோண்ட முடியாது. தோண்டாமல் எந்தத் தச்சனும் உள்ளே நுழைய முடியாது. பாதி கொட்டிய கான்கிரீட்டை நிறுத்தினாலோ, கொட்டியதும் வீணாகும். தொழில் ஏணியின் கடைசிப் படியில் இருந்தவன் என்று எல்லோரும் எண்ணிய மனிதன், உண்மையிலே அந்தக் காரியம் முழுவதற்கும் வாசற்காவலனாக நின்றுகொண்டிருந்தான். அவனுக்கே அது நெடுங்காலம் தெரியவில்லை. குளிக்கவும் உடை மாற்றவும் ஒரு கொட்டகை இல்லாமலும், மழை பெய்தால் கூலி இல்லாமலும், பாதுகாப்பு இல்லாத சாரத்திலிருந்து விழுந்து செத்தால் கேள்வி முறை இல்லாமலும் அவன் வேலை செய்தான். சங்கமும் அந்நாளில் முரடர்களின் பிடியில் இருந்தது. 1961ஆம் ஆண்டில்தான் சீர்திருத்தம் வேண்டிய தொழிலாளர் அணி தேர்தலில் வென்று அதைக் கைப்பற்றியது.

1968இல் அந்தச் சங்கத்தின் காரியதரிசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஜாக் மண்டே. வடக்கு குயின்ஸ்லாந்தில் மலாண்டா என்னும் சிற்றூரில், ஏழைப் பால்பண்ணைக் குடியானவரின் மகனாக 1929இல் பிறந்து, ரக்பி பந்தாட்டத்தில் பாராமட்டா அணிக்கு விளையாடும் பொருட்டுச் சிட்னிக்கு வந்து, பின்னர்க் கட்டட வேலைக்குப் போனவர் அவர். பொதுவுடைமைக் கட்சியின் உறுப்பினர். ஆயினும் அந்தக் கட்சிக்கு வெளியே இருந்த ஜனங்களின் பேச்சையும் பொறுமையாகக் கேட்கும் சுபாவம் அவரிடம் இருந்தது. அவரோடு தோள் கொடுத்தவர்கள் பாப் பிரிங்கிள், ஜோ ஓவன்ஸ் என்னும் இருவர். 1970ஆம் ஆண்டில் கூலியாளுக்கும் தொழில் வினைஞனுக்கும் இடையே இருந்த கூலி வித்தியாசத்தைக் குறைக்கும்படி ஐந்து வாரம் நடந்த வேலைநிறுத்தத்தில் அந்தச் சங்கம் தன் ஒற்றுமையை அறிந்துகொண்டது. அந்த அனுபவம் இல்லாமல், அடுத்த ஆண்டில் வந்த வேண்டுகோளுக்கு அவர்கள் துணிந்து இசைந்திருக்க மாட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன். தன் வயிற்றுக்காகப் போராடி வென்ற பிறகுதான் மனிதன் அயலான் வீட்டு மரத்துக்காகவும் போராடும் தெம்பைப் பெறுகிறான்.

அந்த வேண்டுகோள் வந்த இடம் எவரும் எதிர்பாராதது. பாராமட்டா நதியின் கரையில் ஹண்டர்ஸ் ஹில் என்று ஒரு பகுதி. வசதி படைத்தவர்கள் வாழ்வது. அங்கே ஒரு காலத்தில் இயங்கிய வெள்ளீய உருக்காலையைச் சுற்றி, மனிதன் கைபடாத இயற்கைக் காடு ஏறத்தாழ 12 ஏக்கர் எஞ்சியிருந்தது. அதற்கு ‘கெல்லீஸ் புஷ்’ என்று பெயர். ஏ.வி. ஜென்னிங்ஸ் என்ற கட்டட நிறுவனம் அங்கே வீடுகள் கட்ட முற்பட்டபோது, அக்கம்பக்கத்து இல்லத்தரசிகள் 13 பேர் 1970ஆம் ஆண்டில் ஒன்றுகூடி ஒரு குழுவை அமைத்தார்கள். நகர சபைக்கு எழுதினார்கள். சட்டசபை உறுப்பினரிடம் சென்றார்கள். மந்திரிகளுக்கு விண்ணப்பம் கொடுத்தார்கள். கிடைத்தது மரியாதையான மறுப்பு. எல்லாக் கதவுகளும் அடைபட்ட பிறகு, தங்கள் வாழ்நாளில் ஒரு தொழிற்சங்கத்தின் வாசலையும் மிதித்தறியாத அந்தப் பெண்கள், 1971ஆம் ஆண்டில் தொழிற்சங்கங்களிடம் வந்து நின்றார்கள்.

சங்கத்திற்குள்ளே கேள்வி எழாமல் இல்லை. பணக்காரர்களின் ஜன்னலிலிருந்து தெரியும் காட்சிக்காக ஏழைத் தொழிலாளி ஏன் வேலையை இழக்க வேண்டும் என்று சிலர் கேட்டதில் நியாயமும் இருந்தது. ஆனால் காடு ஜன்னலுக்குள் அடங்கிவிடுவதன்று. நதிக்கரைக்கு வருகிற எவருக்கும் அது சொந்தம் என்ற வாதமே முடிவில் நிலைத்தது. சங்கம் ஒரு நிபந்தனை விதித்தது: பதின்மூன்று பேருடைய விருப்பம் மட்டும் போதாது, ஊராருடைய விருப்பம் அதுதான் என்று பொதுக்கூட்டம் கூட்டிக் காட்ட வேண்டும். கூட்டத்திற்கு 600 பேர் வந்தார்கள். கெல்லீஸ் புஷ்ஷைக் காக்கும்படி சங்கத்தைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். தடை விதிக்கப்பட்டது. சங்கத்தில் சேராத ஆட்களைக் கொண்டு கட்டிவிடுவோம் என்று நிறுவனம் அறிவித்தபோது, வடக்கு சிட்னியில் அதே நிறுவனத்தின் வேறொரு கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆட்கள் கூடி, கெல்லீஸ் புஷ்ஷில் ஒரே ஒரு மரம் வீழ்ந்தாலும் தாங்கள் பாதி கட்டியிருக்கும் கட்டடம் என்றென்றும் பாதியிலேயே, அந்தக் காட்டின் நினைவுச் சின்னமாக நிற்கும் என்று பதில் அனுப்பினார்கள். நிறுவனம் பின்வாங்கியது. 1983ஆம் ஆண்டில் மாகாண சர்க்கார் அந்த நிலத்தைப் பொதுமக்களுக்காக விலைக்கு வாங்கியது. இன்றும் அது காடாகவே இருக்கிறது.

இதில் கையாளப்பட்ட முறையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். சங்கம் தானாகச் சென்று ஒரு தெருவைக் காப்பதாக அறிவித்ததில்லை. முதலில் அந்த இடத்து ஜனங்கள் கூட வேண்டும், தங்கள் வாயால் கேட்க வேண்டும். பின்னர்ச் சங்கத்து உறுப்பினர்கள் கூடி, கை தூக்கி ஆதரிக்க வேண்டும். அதன் பிறகே தடை. ஜனங்களுக்கு வாக்கு இருந்தது, பலம் இல்லை. கூலியாளுக்குப் பலம் இருந்தது, அதை எந்தத் திசையில் செலுத்துவது என்று சொல்லும் அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொள்ள அவன் மறுத்தான். இந்த வரிசை மாறியிருந்தால், ஒரு சில சங்கத் தலைவர்களின் விருப்பு வெறுப்புக்கு ஒரு மாநகரம் ஆட்பட்டிருக்கும்.

கெல்லீஸ் புஷ்ஷின் செய்தி பரவியதும், நகரத்தின் நாலா பக்கங்களிலிருந்தும் ஜனங்கள் சங்கத்தைத் தேடி வந்தார்கள். அப்படி எழுந்த போராட்டங்களுள் பெரியது ‘ராக்ஸ்’ என்னும் இடத்தில் நடந்தது. வெள்ளையர்கள் முதல் முதல் குடியேறிய பாறைக் கரை அது. துறைமுகத் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்தது. அந்தப் பகுதியை இடித்துவிட்டு அலுவலகக் கோபுரங்களை எழுப்புவதற்கென்றே சர்க்கார் ஒரு தனி அதிகார சபையை அமைத்திருந்தது. அங்கே பிறந்து வளர்ந்த நீட்டா மக்ரே என்ற பெண்மணி குடியிருப்போரைத் திரட்டி, சங்கத்தின் துணையைப் பெற்றார். வேண்டாம் என்று மட்டும் சொல்லாமல், தாங்கள் வேண்டுவது என்ன என்பதை விளக்கி, குடியிருப்போரே தங்களுக்கென்று ஒரு ‘மக்கள் திட்டம்’ வகுத்தார்கள். 1973 அக்டோபரில் சங்கத்தில் சேராத ஆட்களை வைத்து இடிக்க முற்பட்டபோது, குடியிருப்போரும் கூலியாட்களும் அந்த இடத்தை மறித்து அமர்ந்தார்கள். போலீஸார் பலரைக் கைது செய்தனர். ஜாக் மண்டேயைக் கை கால் பிடித்துத் தூக்கிச் செல்லும் புகைப்படம் ஆஸ்திரேலியாவில் அறியாதவர் இல்லை. இன்று உலகெங்கிலுமிருந்து உல்லாசப் பிரயாணிகள் வந்து உலவும் அந்தக் கல் சந்துகள், அன்று மறித்து அமர்ந்தவர்களால் எஞ்சியவை.

பிற தடைகளுள் சிலவற்றைக் குறிப்பிட்டு மேலே செல்கிறேன். சென்டென்னியல் பூங்காவில் மாபெரும் விளையாட்டரங்கு கட்டும் திட்டத்தை எதிர்த்தவர்களில் நாவலாசிரியர் பாட்ரிக் வைட் ஒருவர். தனிமையை விரும்பிய அந்த மனிதர், பூங்காவின் ஓரத்தில் இருந்த தம் வீட்டை விட்டு வெளியே வந்து, கூலியாட்களோடு மேடையில் நின்றார். அடுத்த ஆண்டில், 1973இல், நோபல் பரிசு பெற்றார். ஆப்பரா ஹவுஸுக்கு வரும் மோட்டார் வண்டிகளை நிறுத்துவதற்காகத் தாவரத் தோட்டத்து அத்தி மரங்களுக்கு நேரவிருந்த அபாயமும் ஒரு தடையால் நீங்கியது. வூலூமூலூ என்ற ஏழைத் துறைமுகப் பகுதியில், ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரும் குடியிருப்போரும் சங்கமும் சேர்ந்து நின்றதன் பயனாக, மத்திய சர்க்காரின் நகர வளர்ச்சி மந்திரி டாம் யூரன் முயற்சியில், கோபுரங்களுக்குப் பதிலாக ஏழைகளுக்கான பொது வீடுகள் அமைந்தன. ரெட்ஃபெர்ன் பகுதியில் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளை வீடுகளிலிருந்து துரத்தும் முயற்சிக்கு எதிராகவும் அதே சங்கம் நின்றது. அங்கே பூர்வகுடிகளே நடத்தும் வீட்டு வசதி ஸ்தாபனம் 1973இல் உருவாயிற்று.

விக்டோரியா தெருவின் கதை மட்டும் நின்று சொல்ல வேண்டியது. கிங்ஸ் கிராஸ் மேட்டில், இரு மருங்கும் மரங்கள் நிழல் தரும் அந்தத் தெருவில், மாடி வீடுகளில் அறை அறையாக வாடகைக்கு இருந்தவர்கள் கப்பல் மாலுமிகளும், வயோதிகர்களும், கலைஞர்களும். 1973ஆம் ஆண்டு ஏப்ரலில், உயர்ந்த கோபுரங்கள் கட்டுவதற்காக, அவர்கள் ஒரே வாரத்தில் காலி செய்யும்படி விரட்டப்பட்டார்கள். குடியிருப்போரின் சார்பில் பேசிய ஆர்தர் கிங் என்பவர் இனந்தெரியாத மனிதர்களால் கடத்திச் செல்லப்பட்டு, சில நாள் கழித்துத் திரும்பி வந்தார். வந்தவர் வாய் திறவாமல் அந்தத் தெருவை விட்டே போய்விட்டார். கப்பலிலிருந்து திரும்பி வந்து தன் வீடு பூட்டப்பட்டிருப்பதைக் கண்ட மிக் ஃபௌலர் என்ற மாலுமி, தோழர்களின் துணையோடு மீண்டும் உள்ளே நுழைந்து, வருஷக்கணக்கில் அசையாமல் அங்கேயே வாழ்ந்தார். அந்தத் தெருவில் ஒரு சிறு பத்திரிகையை நடத்திவந்த ஜுவானிட்டா நீல்சன், கட்டடக் கூலியாட்கள் சங்கத்தின் தடை உடைபட்ட பிறகும் மனம் தளராமல், குடிநீர் வாரியத் தொழிலாளர்களின் சங்கத்தைக் கொண்டு புதிய தடை விதிக்கச் செய்தார். 1975 ஜூலை 4ஆம் தேதி அவர் காணாமற் போனார். இன்று வரை அவர் உடலும் கிடைக்கவில்லை. கொலைக் குற்றத்துக்காக எவரும் தண்டிக்கப்படவும் இல்லை. பசுமைத் தடையைப் பற்றி உற்சாகத்தோடு எழுதும் எவரும் இந்தப் பெண்ணின் பெயரை எழுதாமல் நகரக் கூடாது.

கூலி வேலை செய்பவனுக்கு நகர நிர்மாணத்தைப் பற்றி முடிவு செய்ய என்ன யோக்கியதை என்ற கேள்வியைப் பத்திரிகைகள் அன்று ஓயாமல் எழுப்பின. தேர்தலில் வாக்குப் பெற்ற சர்க்கார் ஒன்று இருக்கும்போது, வேறொருவர் குறுக்கே நிற்பது ஜனநாயகமா என்பது அலட்சியம் செய்யத் தக்க வாதமன்று. ஆனால் அந்த சர்க்கார், ஒரு தெருவில் வாழ்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தத் தெருவை இல்லாமற் செய்யும் உரிமையை வைத்திருந்தது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். மேலும், தடை விதித்தவர்கள் எதையுமே கட்ட மறுத்தவர்கள் அல்லர். மருத்துவமனைகளும், பள்ளிக்கூடங்களும், ஏழைகளுக்கு வீடுகளும் கட்டவே தாங்கள் விரும்புவதாகவும், காலியாகக் கிடக்கப்போகும் அலுவலகங்களைக் கட்டும் இயந்திரங்களாக இருக்கச் சம்மதமில்லை என்றும் மண்டே பத்திரிகைக்கு எழுதினார். தன் கையால் உண்டாகும் பொருளின் பயனுக்குத் தானும் பொறுப்பு என்று ஒரு தொழிலாளி எண்ணுவானாயின், அது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. வைத்தியனுக்கும் ஆசிரியனுக்கும் நாம் இயல்பாக அளிக்கும் மனச்சாட்சியைச் சுமை தூக்குபவனுக்கு மறுப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

அந்தச் சங்கம் தன் வீட்டுக்குள்ளும் அதே நியாயத்தைக் கடைப்பிடித்தது. தலைவர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு மேல் பதவியில் இருக்கலாகாது என்று விதி செய்து, அதன்படியே மண்டே புகழின் உச்சியில் இருந்தபோது, 1973இல், பதவியை விட்டு இறங்கினார், ஓவன்ஸ் காரியதரிசியானார். சங்க உத்தியோகஸ்தர்களின் சம்பளம் கூலியாளின் கூலியை ஒட்டியே இருந்தது. வேலைநிறுத்தக் காலத்தில் அவர்களுக்கும் சம்பளம் கிடையாது. இத்தாலியிலிருந்தும் யுகோஸ்லாவியாவிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் வந்து குடியேறிய தொழிலாளர்களுக்காகக் கூட்டங்களில் மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள். பெண்களுக்குக் கட்டட வேலையில் இடம் வேண்டுமென்று சங்கம் முதலாளிகளோடு மல்லுக்கு நின்றது. 1973இல் மக்வாரி பல்கலைக்கழகத்து விடுதியொன்றிலிருந்து ஒரு மாணவர் தன்பால் நாட்டம் உள்ளவர் என்ற காரணத்துக்காக விலக்கப்பட்டபோது, அந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டட வேலைகளையே சங்கம் நிறுத்திவைத்தது. அவர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

வீழ்ச்சி வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. 1974இல் கட்டட முதலாளிகளின் முயற்சியால் சங்கத்தின் சட்டப் பதிவு ரத்தாயிற்று. அதே சமயம் பொருளாதார மந்தம் வந்து வேலையும் அருகியது. அந்தத் தருணத்தில், மெல்போர்னில் இருந்த அகில ஆஸ்திரேலியத் தலைமை, நார்ம் கல்லகர் என்பவரின் கீழ், சிட்னிக் கிளையைக் கலைக்க வந்தது; புதிய கிளையின் சீட்டு இல்லாத ஆளுக்கு வேலையில்லை என்று முதலாளிகளோடு ஏற்பாடு செய்துகொண்டது. உறுப்பினர்கள் பல மாதம் தாக்குப் பிடித்தார்கள். 1975 மார்ச்சில் பழைய கிளை கலைந்தது. மண்டே, ஓவன்ஸ், பிரிங்கிள் முதலியோர் தங்கள் சங்கத்திலிருந்தே விலக்கப்பட்டார்கள். தொழிலாளர் இயக்கத்தின் சரித்திரத்தில் இதைவிட வருத்தம் தரும் பக்கங்கள் அதிகம் இல்லை.

ஆயினும், 300 கோடி டாலருக்கு மேற்பட்ட திட்டங்கள் நின்றுபோயிருந்த அந்த நான்கைந்து ஆண்டுகளில் நகரம் மாறிவிட்டது. 1977இல் நியூ சவுத் வேல்ஸில் பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் சட்டமும், 1979இல் நகரத் திட்டத்தில் பொதுஜன அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டும் என்னும் சட்டமும் வந்தன. சட்டத்துக்குப் புறம்பானவர்கள் என்று தூற்றப்பட்டவர்களின் நடைமுறை, சட்டத்தின் ஷரத்துக்களாயிற்று. 1984இல் மண்டே சிட்னி நகர சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிற்காலத்தில் மாகாணத்தின் சரித்திர வீடுகளைக் காக்கும் அறநிலையத்துக்கே தலைவரானார். ராக்ஸில் ஓர் இடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2020 மே 10ஆம் தேதி, 90ஆவது வயதில் காலமானார்.

பசுமைத் தடை என்னும் இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு என்பதைப் பிற்கால நிகழ்ச்சி ஒன்று காட்டியது. ராக்ஸ் போராட்டத்தின் பயனாக, அங்கே முன்பு குடியிருந்தவர்களை அங்கேயே குடிவைப்பதற்கென்று சர்க்கார் கட்டியது ‘சிரியஸ்’ என்ற அடுக்குமாடிக் கட்டடம். 1980ஆம் ஆண்டை ஒட்டி அது முடிந்தது. 2014இல் மாகாண சர்க்கார், ராக்ஸிலும் பக்கத்து மில்லர்ஸ் பாயிண்டிலும் இருந்த பொது வீடுகளை விற்றுவிடத் தீர்மானித்தது. 2016இல் கட்டடத் தொழிலாளர் சங்கம் சிரியஸை இடிப்பதற்குப் பசுமைத் தடை விதித்தது. முதிர்ந்த வயதில் மண்டேயும் அந்தக் கிளர்ச்சிக்குத் துணை நின்றார். வழக்கு நீதிமன்றத்துக்கும் சென்றது. கட்டடம் தப்பியது. ஆனால் ஒருவரைக் குடிபெயர்க்கவும், கிரயப் பத்திரம் எழுதவும் எந்தக் கூலியாளின் கையும் தேவைப்படவில்லை. ஆகவே அவற்றைத் தடுத்து நிறுத்தச் சங்கத்தாலும் இயலவில்லை. கடைசியாக அங்கே குடியிருந்த மூதாட்டி 2018இல் வெளியேறினார். 2019இல் கட்டடம் தனியாருக்கு விற்கப்பட்டு, பின்னர் விலையுயர்ந்த சொகுசு வீடுகளாகப் புதுப்பிக்கப்பட்டது.